கொலையாளியைத் தேடும் மருத்துவரும் நோயைத் தேடும் மருத்துவரும்

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களைக் காண வெளியூரார் திரளாக வருகின்றனர். வருவோரில் பலர் அங்குள்ள பாறை ஒன்றையும் விசாரித்துச் செல்கின்றனர். 2005ஆம் ஆண்டில் வெளியான ‘அந்நியன்’ திரைப்படத்தின் பாடல் காட்சிக்காக வண்ணம் தீட்டப்பட்ட அப்பாறைக்கு ‘அந்நியன் பாறை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பாறைக்குப் பெயரைத் தந்த அந்தப் படம், மனநோயைப் பற்றிய சில எண்ணங்களையும் மக்கள் மனத்தில் விட்டுச் சென்றிருக்கிறது. அவற்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

‘அந்நியன்’ கதையை அறியாதோர் குறைவு. ஓர் உடலில் மூன்று ஆளுமைகள்: சட்டத்துக்கு அஞ்சி நடக்கும் அம்பி, காதலன் ரெமோ, கருட புராணம் கூறும் தண்டனைகளின்படி கொலை செய்யும் அந்நியன். போலீஸ் அதிகாரி ஒருபுறம் கொலையாளியைத் தேட, நாசர் ஏற்ற மனநல மருத்துவர் நாயகனை ஆழ்துயிலில் ஆழ்த்தி உண்மையை வெளிக்கொணர்கிறார். அதே ஆண்டில், இரண்டு மாதங்களுக்கு முன் வெளியான ‘சந்திரமுகி’யில் ரஜினிகாந்த் ஏற்ற பாத்திரமும் மனநல மருத்துவரே. 2020இல் வந்த மலையாளப் படமான ‘அஞ்சாம் பாதிரா’வில் தொடர்கொலைகளைத் துப்பறியப் போலீசுக்குத் துணை நிற்பவர் ஓர் உளவியலாளர். மனத்தை அறிந்தவர் குற்றவாளியையும் அறிவார் என்பதே இவ்வகைக் கதைகள் அனைத்துக்கும் அடித்தளம்.

இக்கதைகளை நாங்கள் வெறுப்பவர்கள் அல்லர். விறுவிறுப்பான துப்பறியும் கதையை விரும்பாதவர் யார்? மேலும், பேய் என்று ஊரார் கருதுவது நோயாகவும் இருக்கலாம், அதற்கு மருத்துவரை அழைக்கலாம் என்பதைச் ‘சந்திரமுகி’ எத்தனையோ வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும், இக்கதைகளில் பழகிய கண்ணோடு எங்கள் அறைக்குள் நுழைவோர் சிலர், மருத்துவரைப் போலீஸ்காரராகவும் நோயாளியைக் குற்றவாளியாகவும் காண்கின்றனர். சிகிச்சைக்குப் பெருந்தடையாக நிற்பது இந்தப் பார்வையே என்பது எங்கள் கருத்து.

மனநல மருத்துவர் கொலையாளியைக் கண்டுபிடிப்பது உண்மையில் நடப்பதுதானா? புகழ்பெற்ற ஒரு நிகழ்வு உண்டு. 1940 முதல் 1956 வரை நியூயார்க் நகரில் ஒருவர் திரையரங்குகளிலும் ரயில் நிலையங்களிலும் குண்டுகள் வைத்து வந்தார். பலர் காயமுற்றனர், நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. துப்புக் கிடைக்காத போலீசார் 1956 இறுதியில் ஜேம்ஸ் பிரஸ்ஸல் என்ற மனநல மருத்துவரை அணுகினர். குண்டு வைத்தவர் எழுதிய கடிதங்களைப் படித்த அவர், அந்த ஆள் நடுத்தர வயதினர், மணமாகாதவர், ஒரு மின்நிறுவனத்தின் மீது தீராத வன்மம் கொண்டவர் என்றெல்லாம் ஊகித்துக் கூறினார். 1957 ஜனவரியில் ஜார்ஜ் மெட்டஸ்கி கைதானபோது ஊகங்களில் பல பொருந்தின. இன்று நாம் காணும் துப்பறியும் உளவியலாளர் பாத்திரங்கள் பலவற்றுக்கும் இந்நிகழ்வு ஒரு முன்மாதிரி.

கதைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பகுதி ஒன்றும் இதில் இருக்கிறது. மெட்டஸ்கியின் பெயரைக் கண்டெடுத்தவர் அந்த மருத்துவர் அல்லர். அந்த மின்நிறுவனத்தின் பழைய இழப்பீட்டுக் கோப்புகளைப் பொறுமையோடு ஒவ்வொன்றாகப் புரட்டிய ஆலிஸ் கெல்லி என்ற பெண் எழுத்தரே அவர். குண்டுக் கடிதங்களில் இருந்த சொற்கள் ஒரு முன்னாள் ஊழியரின் கோப்பிலும் இருந்ததை அவர் கண்டுகொண்டார். மருத்துவர் ஒருவரின் மனச்சித்திரத்தைத் தந்தார். ஆளைத் தந்தவை கோப்புகள்.

நம் நாட்டிலும் நீதியின் அரங்கில் மனநல மருத்துவருக்கு இடம் உண்டு. அந்த இடம் எல்லைக்குட்பட்டது. 1843இல் இலண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமரின் தனிச்செயலரைச் சுட்டுக் கொன்றார். மனநோயின் காரணமாக அவர் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பாயிற்று. அதையொட்டி எழுந்த விதிகளின் வழியில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு அமைந்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக இருக்கிறது. செயலைச் செய்த வேளையில் அதன் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாத மனநிலையில் ஒருவர் இருந்தாரா என்பதே அங்கு எழும் கேள்வி. அதற்கு மருத்துவர் தம் கருத்தைக் கூறலாம். முடிவு நீதிமன்றத்தின் கையில். கொலை செய்தவர் யார் என்பது எங்களிடம் கேட்கப்படும் கேள்வியே அன்று.

“ஹிப்னாடிசம் செய்து உண்மையை வரவழையுங்கள்” என்று கேட்கும் குடும்பத்தார் இன்றும் உளர். ஆழ்துயிலில் வெளிவருவன எல்லாம் உண்மை அல்ல. அந்நிலையில் மனம் பிறர் சொற்களுக்கு எளிதில் இசையும். நடவாதவையும் நடந்தவையாக நினைவில் பதியக்கூடும். மருந்து செலுத்திப் பேசவைக்கும் நார்கோ பரிசோதனையும் அத்தகையதே. ஒருவரின் சம்மதமின்றி நார்கோ, பொய் கண்டறியும் கருவி, மூளைப் பதிவு ஆகிய சோதனைகளை நடத்துவது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே மாதத்தில், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. போலீசாருக்கே இல்லாத உரிமை மருத்துவருக்கு எங்ஙனம் இருக்கும்?

இன்னொரு குழப்பம் நோயின் பெயரில் தொடங்குகிறது. மனச்சிதைவு நோயை ஆங்கிலத்தில் ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்பர். பிளவுற்ற மனம் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். அதனால், அந்நோய் வந்தவருக்குள் இரண்டு மூன்று ஆட்கள் குடியிருப்பார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. யாரோ பேசுவது போன்ற குரல் காதில் கேட்பது, அடிப்படையற்ற ஐயம் மனத்தில் உறைவது, சிந்தனை கோவையிழப்பது ஆகியவையே மனச்சிதைவின் அறிகுறிகள். ஒருவருக்குள் பல ஆளுமைகள் தோன்றும் நிலை முற்றிலும் வேறானது, அரிதானது. குழந்தைப்பருவக் கொடுமைகளோடு தொடர்புடையதாகப் பெரும்பாலும் பேசப்படுவது. அந்நிலையில் உள்ளோரும் வாளெடுத்துப் புறப்படுவோர் அல்லர்.

எல்லாவற்றினும் வருந்தத்தக்கது ‘அந்நியன்’ படத்தின் முடிவு. மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்ததாக விடுவிக்கப்பட்ட நாயகன், ஓடும் ரயிலிலிருந்து ஒருவரைத் தள்ளிக் கொல்கிறான். அதைத் தன் மனைவியிடமும் மறைக்கிறான். திரையரங்கில் அது கைதட்டலுக்குரிய திருப்பம். சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பும் இளைஞருக்கோ, மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து உண்ணும் மருமகளுக்கோ அது தரும் செய்தி வேறு: குணமானேன் என்று நீ சொன்னாலும் உன்னை நம்ப மாட்டோம். மேலே கூறிய மெட்டஸ்கியை எண்ணிப் பாருங்கள். விசாரணைக்குத் தகுதியற்ற மனநிலையில் இருந்ததாக மருத்துவமனையில் அடைக்கப்பட்ட அவர், 1973இல் விடுவிக்கப்பட்டார். அதன்பின் 20 ஆண்டுகள் தம் ஊரில் அமைதியாக வாழ்ந்து 1994இல் காலமானார். உண்மை வாழ்க்கையில் ரயில் காட்சி இல்லை.

மனநோயாளிகளால் வன்முறையே நிகழ்வதில்லை என்று நாங்கள் கூறவில்லை. கடுமையான நோய் சிகிச்சையின்றி முற்றும்போதும், அதனோடு மதுவோ போதையோ சேரும்போதும் ஆபத்து கூடுவது உண்மை. அதைக் குறைக்கும் வழியும் சிகிச்சையே. ஆனால் மனநோயுற்றோரில் மிகப்பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. அடியும் ஏச்சும் ஏமாற்றும் அவர்களுக்கே மிகுதியாக நேர்கின்றன. தெருவில் தனக்குத்தானே பேசிச் செல்பவரைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். நம்மைக் கண்டு அவர் அஞ்சுவதற்கே காரணங்கள் அதிகம்.

இந்த அச்சத்துக்கு விலை உண்டு. 2015-16இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றது. நோயின் வகைக்கேற்ப, சிகிச்சை பெற வேண்டியோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் அதைப் பெறவில்லை என்று அவ்வாய்வு கண்டது. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். வெட்கமும் அச்சமும் மற்றொரு காரணம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களுள் ஒருவரும் கொலையாளி அல்லர். குடும்பத்தார் அஞ்சினர் அல்லது களைத்தனர். சங்கிலிதான் தீர்வு என்று எவரோ கூறினர். இவ்வளவே அவர்களின் கதை.

2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. நோய் பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்படுவதையும் அச்சட்டம் நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் நிலை, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் மட்டுமே அதற்கு உண்டு. ஆகவே எங்களிடம் கூறுவது அடுத்த வீட்டாருக்கோ, அலுவலகத்துக்கோ, பெண் பார்க்க வருவோருக்கோ போய்ச் சேரும் என்ற கவலை வேண்டா. மனத்தில் கோபமான, அச்சமூட்டும் எண்ணங்கள் எழுகின்றன என்று ஒருவர் கூறினால், அவரைக் குற்றவாளியாக நாங்கள் எண்ணுவதில்லை. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிவு தேவைப்பட்டிருக்கும் என்றே எண்ணுகிறோம்.

திரையில் மருத்துவர் ஒரே இரவில் புதிரை அவிழ்க்கிறார். எங்கள் பணியின் வேகம் அதுவன்று. மருந்து வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகலாம். மருத்துவர் மருந்தைப் பார்ப்பார். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சையும் சோதனைகளும் செய்வார். செவிலியரும் சமூகப் பணியாளரும் உடன் நிற்பர். எங்களுக்குக் கிடைக்கும் துப்புகளில் பெரும்பகுதி ஆழ்துயிலிலிருந்து வருவதில்லை, வீட்டிலிருந்து வருகிறது. “மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.” “குளிப்பதை விட்டுவிட்டான்.” “சாப்பாட்டில் எதையோ கலக்கிறோம் என்கிறாள்.” “இருந்து என்ன பயன் என்று அடிக்கடி சொல்கிறார்.” ஒரு தாயோ அண்ணனோ மனைவியோ இப்படிக் கூறும் ஒரு வரி, எங்களுக்கு எந்தக் கருவியையும்விட மதிப்புடையது. நாளும் மாற்றமும் குறித்த சிறு குறிப்பேடு ஒன்றை வைத்திருந்தால் இன்னும் நன்று. அந்த நியூயார்க் எழுத்தர் செய்ததும் இத்தகைய பொறுமையான வேலையே.

அருவியில் நீராடுவதையோ, தென்காசிக் கோயிலுக்குச் சென்று வேண்டிக்கொள்வதையோ நாங்கள் தடுப்பதில்லை. அதற்காக மாத்திரையை நிறுத்துவதையே வேண்டாம் என்கிறோம். துப்பறியும் படம் பார்ப்பதையும் தடுப்பதில்லை. வீட்டில் நோயுற்ற ஒருவர் உடனிருந்து பார்க்கிறார் எனில், படம் முடிந்தபின் “இது கதை, உன் நோய் இப்படிப்பட்டதன்று” என்று ஒரு சொல் கூறுங்கள். அவர் அதைக் கேட்கத் தயங்கிக் காத்திருக்கக்கூடும்.

வீட்டில் எவருக்கேனும் மேற்சொன்ன மாற்றங்களைக் கண்டால், குற்றம் எதுவோ என்று தேடாதீர்கள். நோய் எதுவோ என்று கேளுங்கள். நேரில் வர இயலாதோர் ‘டெலி மனஸ்’ சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் வருவோர், மருத்துவமனைக்கு வந்ததற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு வருவோரைப் போலவே நீங்களும் எங்கள் அறைக்கு வரலாம்.