படம் பழையது, கையெழுத்து?

செங்கல்பட்டுப் பக்கம் பல பழைய வீடுகளில் இந்தக் காட்சியைக் காணலாம். கூடத்துச் சுவரில் சாமி படம். அடுத்து தாத்தா, பாட்டி படம். அதற்கும் அடுத்து ஒரு சினிமா நட்சத்திரத்தின் படம்!

அந்தப் படத்தின் மூலையில் கையெழுத்தும் இருந்துவிட்டால், வீட்டுக்கே ஒரு தனிப் பெருமை.

இப்போது இத்தகைய படங்களுக்கு நல்ல விலை வந்துவிட்டது. விலை வந்த இடத்தில் போலியும் வரும். "எம்.ஜி.ஆர். தம் கையாலேயே போட்டது" என்று ஒருவர் படத்தை நீட்டினால், பணத்தை எடுக்கும் முன்பு நாலு காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, கதை.

"1967 பிப்ரவரியில், பரங்கிமலைத் தேர்தல் கூட்டத்தில் வாங்கினேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பரங்கிமலைத் தொகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எம்.ஜி.ஆர். அங்கே நின்றார், வென்றார். ஆனால் கூட்டத்துக்கு எப்படி வந்திருப்பார்? ஜனவரி 12-ந் தேதி அவர் சுடப்பட்டார். தேர்தல் சமயத்தில் மருத்துவமனையில் இருந்தார். கழுத்தில் கட்டுப் போட்ட அவருடைய படம்தான் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டது!

இரண்டாவது, எழுத்து.

"அண்ணாமலைக்கு அன்புடன்" என்று தமிழில் எழுதி, 1955 என்று தேதியும் போட்டிருக்கிறது. அந்த "ணா"வையும் "லை"யையும் உற்றுப் பாருங்கள். அந்தக் காலத்தில் "லை"யை யானைத் தும்பிக்கை போலச் சுழித்து எழுதுவார்கள். "ணா"வுக்கும் தனிச் சுழி உண்டு. இன்று நாம் எழுதும் வடிவத்துக்கு அரசாங்க உத்தரவு வந்தது 1978 அக்டோபரில்தான். உத்தரவு போட்டதே எம்.ஜி.ஆர். ஆட்சிதான்!

பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் புது எழுத்தைப் புகுத்திவிட்டார். அவர் வழியில் சிலர் முன்பே அப்படி எழுதியிருக்கலாம். ஆகவே இது சந்தேகத்துக்கு ஒரு காரணம். முடிந்த தீர்ப்பு அல்ல.

படத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா? பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டு 15-ந் தேதி. அதற்கு முந்திய படத்தில் அது எப்படி வரும்?

மூன்றாவது, பேனா.

நார் முனை வைத்த ஸ்கெட்ச் பேனா உலகத்தில் பரவியது 1960-க்குப் பிறகுதான். 1952-ல் போட்டதாகச் சொல்லும் கையெழுத்து அந்தப் பேனாவில் இருந்தால், படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நாலாவது, மை.

படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பேனாவால் எழுதிய மை, படத்தின் மேல் தனியாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது கையெழுத்தே சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால், அது அச்சு. ஒரே நடிகரின் இரண்டு படங்களில் கையெழுத்து மயிரிழையும் பிசகாமல் ஒன்றுபோல் இருந்தாலும், அது அச்சு அல்லது ரப்பர் முத்திரை. எந்த மனிதனும் இரண்டு முறை அச்சாக ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை.

அச்சுக் கையெழுத்து என்றால் மோசடியா? இல்லை. மூட்டை மூட்டையாக வரும் ரசிகர் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகக் கையெழுத்திட யாரால் முடியும்? அதனால் அச்சிட்டு அனுப்புவது உலகெங்கும் இருந்த வழக்கம். அதைக் கையால் போட்டது என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

மாமல்லபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். உளிச் சத்தம் காதில் விழும். நேற்றுச் செதுக்கிய சிலையைச் சிற்பி புதுச் சிலை என்றே விற்கிறார். அது தொழில். அதே சிலையைப் பல்லவர் காலத்தது என்று ஒருவன் விற்றால், அது ஏமாற்று. குற்றம் கல்லில் இல்லை, சொல்லில்தான்!

உங்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இருக்கிறதா? ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மை கரைந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்; படமே கிழிந்துவிடும்.

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. படத்தை யார் வாங்கினார், எப்போது, எங்கே என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளைக்கு அந்தத் தாள்தான் சாட்சி. தாத்தா சொல்லாமல் போய்விட்டால், உண்மைக் கையெழுத்தைக்கூட நிரூபிக்க முடியாது.

விசாரித்ததில் அது அச்சு என்று தெரிந்தாலும், படத்தைச் சுவரிலிருந்து இறக்கவேண்டாம். சந்தையில் அதற்கு விலை குறையலாம். ஆசையோடு சட்டம் போட்டு மாட்டியவர் உங்கள் தாத்தா. அது போலி இல்லையே!