தட்டை பூமிக்கு ஓர் இலவச இணைப்பு

முதல் ஆல்பத்தை எழுத இருபது வருடம் கிடைக்கும், இரண்டாவதை எழுத ஒரே வருடம்தான் கிடைக்கும் என்று மேற்கத்திய பாப் இசைத் தொழிலில் சொல்வதுண்டு. முதல் ஆல்பம் ஓடாவிட்டால் பிரச்சினை இல்லை, யாரும் இரண்டாவதைக் கேட்கப்போவதில்லை. ஓடிவிட்டால்தான் வம்பு. அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கம்பெனி கேட்கும், ரசிகர்கள் கேட்பார்கள், பல சமயம் கலைஞனின் வங்கிக் கணக்கும் கேட்கும். இந்த மூன்று பேருக்கும் வேறு பதில் சொன்னவர்கள் குறைவு. பிரிட்டிஷ் பாடகரும் பாடலாசிரியருமான தாமஸ் டால்பி அவர்களில் ஒருவர். அவருடைய இரண்டாவது ஆல்பமான 'தி ஃப்ளாட் எர்த்' 1984-ல் வந்தது. 2009-ல் அதற்கு ஒரு மறுபதிப்பு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இசையை எப்படிப் பாதுகாப்பது என்பது பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

டால்பி என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை. கிரேக்கக் கலை பற்றி எழுதிப் புகழ்பெற்ற தொல்லியல் பேராசிரியர் மார்ட்டின் ராபர்ட்சனின் மகன் அவர். பிறந்தது 1958-ல். எந்நேரமும் டேப் ரிகார்டரும் கையுமாக அலைந்த பையனுக்குப் பள்ளி நண்பர்கள் வைத்த பட்டப் பெயர் டால்பி. காஸெட் காலத்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. டெக்கில் இரைச்சலைக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கும், அதன் மேல் எழுதியிருக்கும் பெயர் அது. பெயருக்குச் சொந்தக்காரரான டால்பி லேபரட்டரீஸ் நிறுவனம் பின்னாளில் ஆட்சேபித்தது. 'தாமஸ்' என்பதைச் சேர்த்தே உபயோகிக்க வேண்டும் என்ற அளவில் விவகாரம் சமாதானமாக முடிந்தது.

முதலில் அவர் மற்றவர்களின் ரிகார்டுகளுக்கு ஸிந்தஸைஸர் வாசிக்கும் கூலிக்கலைஞர். ஃபாரினர் என்ற ராக் குழுவின் 1981 ஆல்பத்தில் ஒலிக்கும் பனிமூட்டம் போன்ற ஸிந்தஸைஸர் ஒலிகள் அவருடையவை. அந்தப் பணத்தில்தான் தன் முதல் ஆல்பமான 'தி கோல்டன் ஏஜ் ஆஃப் வயர்லெஸ்'ஸை முடித்தார். அது 1982-ல் வந்தது. பழைய ரேடியோ, போர்க்கால விமானம், கடலோரக் காற்றாலை என்று நினைவில் நின்ற விஷயங்களைப் பற்றிய பாடல்கள் அவை. விமர்சகர்கள் பாராட்டினார்கள், விற்பனை சுமார்.

பிறகு 'ஷி பிளைண்டட் மீ வித் ஸயன்ஸ்' வந்தது. பிரிட்டனில் டிவி மூலம் வீட்டுக்கு வீடு அறிமுகமான எழுபது வயது தாண்டிய விஞ்ஞானி மேக்னஸ் பைக், அதன் வீடியோவில் கைகளை ஆட்டிக்கொண்டு கத்துவார். எம்டிவி அமெரிக்காவில் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகாத நேரம். அவர்களுக்கு வேண்டியது மாதிரியே வீடியோ அமைந்துவிட்டது. 1983-ல் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாவது இடம்வரை போனது. ஒரே நாளில் டால்பி, உருண்டைக் கண்ணாடி போட்ட கிறுக்கு விஞ்ஞானி ஆகிவிட்டார். கம்பெனி அடுத்து என்ன எதிர்பார்த்திருக்கும் என்று ஊகிக்க ஜோசியம் தெரிய வேண்டாம்.

கிடைத்ததோ 'தி ஃப்ளாட் எர்த்'. மொத்தம் ஏழே பாட்டு. நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. முதல் பாட்டு 'டிஸிடென்ட்ஸ்' கெடுபிடியான அரசின் கீழ் எழுதும் எழுத்தாளனைப் பற்றியது. அடுத்தது தலைப்புப் பாட்டு. பூமி தட்டை என்று ஒருவன் நினைத்தால் அவன் வாழும் பூமி தட்டைதான் என்ற எண்ணத்தை அவசரமில்லாமல் சுற்றி வருகிறது. மூன்றாவது 'ஸ்க்ரீன் கிஸ்', ஹாலிவுட் கனவோடு போன இங்கிலாந்துப் பெண்ணின் கதை. மேத்யூ ஸெலிக்மன் அதில் வாசித்த ஃப்ரெட் இல்லாத பேஸ் கிடார் பாட்டுக்கு ஈடாகத் தானும் பேசுகிறது. இரண்டாம் பக்கத்தில் போர்னியோவின் முலு மழைக்காடு பற்றி ஒரு பாட்டு. டான் ஹிக்ஸ் எழுதிய 'ஐ ஸ்கேர் மைஸெல்ஃப்' என்ற பழைய பாட்டு ஒன்றும் உண்டு, நள்ளிரவு கிளப் ஒன்றின் மங்கிய வெளிச்சத்தில் கேட்கிற மாதிரி.

இவ்வளவுக்கும் இது கம்ப்யூட்டர் இசை. ஒரு வீட்டின் விலைக்கு விற்ற ஆஸ்திரேலியத் தயாரிப்பான ஃபேர்லைட் என்ற இயந்திரத்தை உபயோகித்துச் செய்தது. வெளி உலகின் எந்தச் சத்தத்தையும் உள்ளே வாங்கி, பியானோ கட்டைகளில் பரப்பி வாசிக்க வழி செய்த கருவி அது. கையில் கிடைத்தவர்கள் பலர் அதை வெடி வெடிக்கவும் கண்ணாடி உடைக்கவும் உபயோகித்தார்கள். டால்பி அதை வைத்துக் காடு செய்தார், காற்று செய்தார். ஸிந்தஸைஸர் என்றால் ரோபோ மாதிரி உணர்ச்சியில்லாமல் பாட வேண்டும் என்று நிலவிய எழுதாத சட்டத்தை, அதே ஸிந்தஸைஸரால் மீறிக் காட்டினார்.

கம்பெனி எதிர்பார்த்த பாட்டு ஆல்பத்தில் இல்லாமல் இல்லை. 'ஹைபர்ஆக்டிவ்!' துள்ளல் பாட்டு, ட்ராம்போன் முழங்கும், அடெல் பெர்டேயின் குரல் சீறும். பிரிட்டனில் பதினேழாவது இடத்தைப் பிடித்தது. ஆனால் அதை அவர் வைத்த இடம் ஆல்பத்தின் கடைசி. அதற்காக வாங்கியவர்கள் ஆறு நிதானமான பாட்டுகளைக் கடந்து அங்கே வர வேண்டும். ஆல்பம் பிரிட்டனில் பதினாலாவது இடத்துக்கும் அமெரிக்காவில் முப்பத்தைந்தாவது இடத்துக்கும் வந்தது. தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவில் முதல் ஐந்து இடங்களின் பக்கம் அவர் பிறகு போகவே இல்லை.

2009 மறுபதிப்பில் ஏழு பாட்டுகளும் புதிதாக ரீமாஸ்டர் செய்யப்பட்டன. 'ஹைபர்ஆக்டிவ்!' முடிந்த பிறகு கூடுதல் பாடல்கள் தொடர்கின்றன. அந்தக் காலத்தில் செய்து ஆல்பத்துக்கு வெளியே நின்றவை, வேறு வடிவங்கள் என்று. நம் பத்திரிகை பாஷையில் சொன்னால் இலவச இணைப்பு.

இது நல்லதா கெட்டதா?

நல்லது என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. மூல ஒலிநாடா அழியாத பொருள் இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தயாரான சில ரக நாடாக்களில் காந்தப் பொடியை ஒட்டிவைத்த பசை, ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பொடி உரிந்துவிடும். அதனால் ஐம்பது டிகிரி சுமாரில் பல மணி நேரம் நாடாவை இளஞ்சூட்டில் வைத்து, சில வாரங்களுக்குள் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். தீ விபத்து இன்னொரு எதிரி. 2008 ஜூனில் ஹாலிவுட்டில் யுனிவர்ஸல் ஸ்டூடியோஸ் வளாகத்தில் பிடித்த தீயில் மூல நாடாக்கள் பல எரிந்தது வெளியே விரிவாகத் தெரிந்தது 2019-ல்தான். மறுபதிப்பு என்று ஒரு சாக்கு இருந்தால்தான் கம்பெனிகள் கிடங்கைத் திறந்து பெட்டியை எடுத்துப் பார்க்கின்றன. மேத்யூ ஸெலிக்மன் 2020-ல் கொரோனாவில் இறந்துபோனார். அவர் விரல்கள் 'ஸ்க்ரீன் கிஸ்'ஸில் செய்தது இனி அந்தப் பதிவில் மட்டும்தான்.

இன்னொரு காரணம், மறுபதிப்பு சில சமயம் பழைய தவறைத் திருத்துகிறது. முதல் ஆல்பத்தின் கதையைப் பாருங்கள். 'ஸயன்ஸ்' பாட்டு ஓடியதும் ஆல்பத்தைப் பிரித்து, அதை உள்ளே செருகி, வரிசையை மாற்றி விற்றார்கள். வார்த்தைகளே இல்லாத 'தி ரெக் ஆஃப் தி ஃபேர்சைல்ட்' வெளியே போனது. அதை மீண்டும் உள்ளே கொண்டுவந்தது 2009 மறுபதிப்புதான். ஹிட் பாட்டு அதில் கூடுதல் பகுதிக்குப் போய் உட்கார்ந்தது. இருபத்தேழு வருடம் கழித்து ஒரு நியாயம்.

ஆனால் 'தி ஃப்ளாட் எர்த்' கதை வேறு. அதில் திருத்த ஒன்றுமில்லை. ஏழு பாட்டு, இந்த வரிசை, இந்த இடத்தில் நிறுத்தம் என்பது அவர் எடுத்த முடிவு. பணமும் புகழும் வேறு பக்கம் இழுத்த நேரத்தில் எடுத்தது. மங்களம் பாடிய பிறகு பாடகர் மறுபடி துக்கடா தொடங்கினால் ரசிகருக்கு மறுப்பில்லைதான், ஆனால் கச்சேரி எங்கே முடிந்தது என்பது குழம்பிவிடும். ஊரில் ரிகார்டிங் சென்டர்காரர் அறுபது நிமிட காஸெட்டில் மிச்சமிருக்கும் இடத்தை வீணாக்காமல் வேறு படத்துப் பாட்டு ஒன்றைப் போட்டுத் தருவாரே, அந்த நல்லெண்ணம்தான் இதுவும். காஸெட் நிறைந்துவிடும்.

முன்பு இது பெரிய விஷயமில்லை. பழைய ரிகார்டு ஒரு வீட்டில் இருக்கும், புதிய சி.டி. இன்னொரு வீட்டில் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம். இன்று பெரும்பாலோர் போனில் கேட்கிறார்கள். கம்பெனி எந்தப் பதிப்பை ஏற்றுகிறதோ அதுதான் ஆல்பம். ஏழாவது பாட்டு முடிந்ததும் எட்டாவது தானாக ஆரம்பிக்கிறது. இருபது வயதுக்காரர் ஒருவருக்கு இந்த ஆல்பம் ஏழு பாட்டு என்பது தெரிய வழியே இருக்காது. ரீமாஸ்டர் என்ற சொல்லும் எப்போதும் சுத்தமானதல்ல. சன்னமான இடங்களை உயர்த்தி எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் தட்டையாக்கும் பழக்கம் தொண்ணூறுகளிலேயே தொடங்கியது. 2008-ல் மெடாலிகா குழுவின் ஆல்பத்தில் ரசிகர்களே கூட்டாகப் புகார் செய்யும் அளவுக்குப் போனது. மௌனத்தை நம்பிச் செய்த இசைக்கு இந்த வைத்தியம் விஷம்.

சுலபமான வழிகள் இல்லாமல் இல்லை. கூடுதல் பாடல்களைத் தனித் தட்டில் கொடுக்கலாம். போனில் மூலப் பதிப்பைத் தனியாகவும் இணைப்பைத் தனியாகவும் வைக்கலாம். 2007-ல் ப்ரீஃபாப் ஸ்ப்ரவுட் குழுவின் 'ஸ்டீவ் மக்வீன்' மறுபதிப்பு வந்தபோது இதைச் செய்தார்கள். பழைய ஆல்பம் ஒரு தட்டில், அதே பாட்டுகளில் பலவற்றைப் பாடகர் பேடி மக்அலூன் வயதான குரலில் புதிதாகப் பாடியது இன்னொரு தட்டில். 1985-ல் அந்த ஆல்பத்தைத் தயாரித்தவரும் தாமஸ் டால்பிதான் என்பது சுவாரசியம்.

அவர் பிறகு என்ன ஆனார்? 1985-ல் லைவ் எய்ட் மேடையில் டேவிட் போவிக்குப் பக்கத்தில் கீபோர்டு வாசித்தார். தொண்ணூறுகளில் கலிஃபோர்னியாவில் கம்பெனி தொடங்கினார். அது செய்த மென்பொருள் நோக்கியா போன்களுக்குள் போய், ஒரே நேரத்தில் பல ஸ்வரம் ஒலிக்கும் ரிங்டோன்களைச் சாத்தியமாக்கியது. 'தி ஃப்ளாட் எர்த்' பெயரையே கேள்விப்படாத கோடிக்கணக்கான பேர், இந்தியர்கள் உட்பட, அவர் வேலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். 2014-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 'ஸயன்ஸ்' பாட்டை இன்னும் நாலு தடவை வேறு பெயரில் செய்திருந்தால் இதில் எத்தனை நடந்திருக்கும் என்பது தெரியாது.

ஆகவே மறுபதிப்புகள் வரட்டும். நாடாக்கள் பிழைக்கட்டும். இலவச இணைப்பும் இருக்கட்டும், அதிலும் நல்ல பாட்டுகள் உண்டு. ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். முதல் தடவை கேட்கும்போது 'ஹைபர்ஆக்டிவ்!' முடிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். இணைப்பை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிப்போகாது.