கூரையில் விழும் மூன்று லட்சம் லிட்டர்

போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. கோடைத் தண்ணீர்க் கஷ்டம் மாறவில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை; சென்னையைப் போல இரு மடங்கு. ஆனால் சரிவான தீவில் பெய்வதெல்லாம் கடலுக்கு ஓடிவிடுகிறது. நகரம் பெரிதும் நம்பியிருப்பது தனிகாரி அணையை. ஜனவரி பிறந்தால் மழை ஓய்கிறது. கோடையில் குழாயில் முறை வைத்துத்தான் தண்ணீர்.

இன்னொரு அணை என்றால் காடு மூழ்கும். 100 சதுர மீட்டர் கூரையிலோ ஆண்டுக்கு 3 லட்சம் லிட்டர் விழுகிறது. தமிழகம் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சென்னைக் கிணறுகளில் நீர் ஏறியது. ஒழுகும் தெருக்குழாயைத் திருகி மூடாமல் தாண்டிப் போய்விட்டு நிர்வாகத்தைத் திட்டுவது சுலபம். அணைக்கு அரசு பொறுப்பு, சரி. கூரைக்கு?