மஞ்சள் நோட்டீசுக்கும் காசு வேண்டும்

கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போது "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடுவேன்" என்று சொல்வது எளிது. கொடுக்க வக்கீல் வேண்டும்; வக்கீலுக்குக் காசு வேண்டும். கையில் காசில்லை என்று கோர்ட்டில் சொல்வதற்கே முதலில் காசு புரட்ட வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் சரியான ஆள் கிடைப்பது. திவால் என்றதும் எல்லாரும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேசுகிறார்கள். அது பெரும்பாலும் கம்பெனிகளின் சமாச்சாரம். தனிநபர்களுக்கான அதன் பகுதி 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தபோது, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே வந்தது. மளிகைக் கடைக்காரருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் கதி வெள்ளைக்காரர் காலத்துச் சட்டங்கள்தான். சென்னை, மும்பை, கல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். டெல்லி உள்பட நாட்டின் பெரும்பகுதிக்கு 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். மனு மாவட்ட கோர்ட்டுக்கு. கேரளத்துக்குத் தனிச் சட்டம். 1920 சட்டத்தின் வயதைக் காட்ட ஒரு விவரம் போதும்: கட்ட வழியில்லாதவர் மனு போட, மூலச் சட்டப்படி 500 ரூபாய் கடன் இருந்தாலே போதும்.

ஆகவே கம்பெனித் தீர்ப்பாயத்தில் வாதாடும் பிரபலங்கள் இங்கே அவ்வளவாக உதவமாட்டார்கள். தேட வேண்டியவர், உள்ளூர் கோர்ட்டில் நெடுங்காலம் சிவில் வழக்கு நடத்தியவர். உள்ளூர் என்றால், கடனாளி வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர். டெல்லியில் கடை வைத்து நொடித்தவர், மதுரையில் மாமாவுக்குத் தெரிந்த வக்கீலைப் பிடிப்பதில் பயனில்லை.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2008க்குப் பிறகு இணையதளத்தில் பெயர், முகவரி, தகுதி போன்ற சில விவரங்களை வெளியிடலாம், அவ்வளவே. "கடனிலிருந்து விடுதலை" என்று போஸ்டர் ஒட்டுபவர் வக்கீல் அல்லாத புரோக்கராக இருக்கலாம். வக்கீல்தான் என்றால் விதியை மீறியவர். கோர்ட் வளாகத்தில் இரண்டு குமாஸ்தாக்களிடம் "ஐ.பி. மனு யார் நடத்துகிறார்கள்?" என்று கேட்பது மேல்.

பெயர் கிடைத்ததும் வக்கீலிடம் கேட்க வேண்டியது, எத்தனை மனு போட்டார் என்பதல்ல. எத்தனை பேருக்கு விடுவிப்பு உத்தரவு வாங்கித் தந்தார் என்பதே. மஞ்சள் நோட்டீஸ் போனதும் கடன் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் திவாலானவர் என்று அறிவிக்கும்போதே, விடுவிப்பு கேட்டு மனுச் செய்ய கோர்ட் ஒரு கெடு வைக்கிறது. கெடுவுக்குள் மனுச் செய்யாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். கடன்காரர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். அறிவிப்போடு வக்கீலுக்குப் பணம் தீர்ந்து, கட்சிக்காரர் வருவதையும் நிறுத்திக்கொண்டால் செலவழித்தது அத்தனையும் வீண்.

எனவே ஃபீஸ் பேசும்போது விடுவிப்பு வரை பேச வேண்டும். மனு, அறிவிப்பு, விடுவிப்பு என்று தவணை பிரித்து எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தள்ளுபடியாகும் கடனில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரை விட்டு விலகலாம்; வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதற்குத் தடை உண்டு. ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000த்தில் தீர்ப்பளித்தது. ஆனால் வக்கீல் சேவையில் குறை என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. 2024 மே மாதத் தீர்ப்பு அந்தக் கதவை மூடிவிட்டது. ஒழுங்கீனம் பற்றிய புகார் மாநில பார் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும்.

காசே இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கேட்கலாம். மற்றவர்களுக்கு வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. கடைப் பெயரும் கடனும் மனைவி பேரில் இருக்கும் குடும்பங்கள்கூட இதை யோசிப்பதில்லை என்பது ஆச்சரியம்.

ஃபீசுக்காக மைத்துனர் பேருக்கு மனையை மலிவாக எழுதிவைப்பது மட்டும் கூடாது. மனுவுக்கு முந்தைய இரண்டாண்டுகளில் நடந்த இத்தகைய கைமாற்றங்களைக் கோர்ட் ரத்து செய்ய முடியும். இன்னொன்று: அடமானம் வாங்கியவரை இந்த மனு தடுக்காது. வீட்டுக் கடனும் நகைக் கடனும்தான் தொல்லை என்றால் "மனு வேண்டாம், பாங்கோடு பேசுங்கள்" என்று முதல் நாளே சொல்லி அனுப்பும் வக்கீலுக்கு, அன்றைய ஆலோசனைக் கட்டணத்தை முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டு வரலாம்.