மூன்றில் ஒரு பங்கும் முப்பத்தைந்து விழுக்காடும்

தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் தூத்துக்குடிக் கரைக்கு இடமுண்டு. 1586இல் புன்னைக்காயலில் ஹென்றிக் பாதிரியாரின் 'அடியார் வரலாறு' அச்சேறியது. அந்த அச்சுப் பணிகளுக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பொருளுதவி செய்தனர். செலவு கரையினுடையது, எதை அச்சிடுவது என்ற முடிவு திருச்சபையினுடையது. இன்று மின்னூல் வெளியிடும் தனி எழுத்தாளரின் நிலையை ஆராயும்போது நமக்கு இந்தப் பழைய ஏற்பாடே நினைவுக்கு வருகிறது.

2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களைக் கிண்டிலுக்குக் கொண்டுவந்தது. அதையொட்டி, எழுதியவரே தம் நூலை நேரடியாக வெளியிடும் வசதியும் தமிழுக்குக் கிடைத்தது. பதிப்பாளர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டியதில்லை, முன்பணம் கட்ட வேண்டியதில்லை, பெயருக்குப் பின்னால் இருப்பது எந்த ஊர், எந்தத் தெரு என்று எவரும் கேட்கப் போவதில்லை என்ற நம்பிக்கை பிறந்தது. தலித் எழுத்தாளருக்கு இது சிறிய செய்தியன்று. தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதிய ராஜம் கிருஷ்ணன் வெளியிலிருந்து வந்து, மக்களோடு பழகி, அக்கறையோடு எழுதினார். அவருக்கு நாம் நன்றி சொல்கிறோம். ஆனால் பாத்தியில் உப்பு வாரும் பெண்ணின் மகள் தன் கைப்பேசியிலேயே ஒரு நாவலைத் தட்டச்சு செய்து உலகுக்குத் தரலாம் என்பது வேறொரு காலத்தின் வாய்ப்பு.

அந்த வாய்ப்பின் விதிகளைப் பார்ப்போம்.

இந்தியாவில் விற்கும் மின்னூலுக்கு அமேசான் தரும் உரிமத்தொகை இருவகைப்படும். பொதுவாகக் கிடைப்பது 35 விழுக்காடு. விலை குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்து, 'கேடிபி செலக்ட்' திட்டத்திலும் நூலைச் சேர்த்தால் 70 விழுக்காடு. அத்திட்டத்தில் சேர்ந்த நூலின் மின்வடிவம் 90 நாட்களுக்கு வேறெங்கும் இருக்கக் கூடாது. சொந்த இணையதளத்தில் முழுமையாக வைக்கவோ, மாணவர் வட்டத்துக்கு இலவசக் கோப்பாகப் பரப்பவோ முடியாது. அதற்கு ஈடாக அந்த 90 நாட்களில் 5 நாட்கள் நூலை இலவசமாக அறிவித்துக்கொள்ளலாம். அந்த நாளும் அமெரிக்காவின் பசிபிக் நேரப்படிதான் விடிகிறது. நமக்கு அது நண்பகல் கடந்த வேளை.

ஆகவே எழுத்தாளரின் இரண்டாவது வேலை தொடங்குகிறது. இத்தனை அத்தியாயம் முடிந்தது, அட்டை தயார், நாளை பிற்பகல் வரை இலவசம், தரவிறக்கியோர் தயவுசெய்து மதிப்பிடுங்கள். வாரந்தோறும் இத்தகைய அறிவிப்புகளை நம்மில் பலர் சலிப்போடு கடந்து போயிருப்போம். இது கூலியில்லா உழைப்பு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டியலில் நூல் மேலேறுவது தரவிறக்கத்தாலும் விற்பனையாலும். அவை முதலில் வருவது உறவினர், உடன் படித்தோர், அலுவலக நண்பர்கள் ஆகியோரிடமிருந்து. கட்டணம் செலுத்தும் அட்டையும் இணையத்தில் நூல் வாங்கும் பழக்கமும் உள்ள நூறு உறவினர் யாருக்கு இருக்கிறார்கள்? கணினி நிரல் சாதி கேட்பதில்லை, உண்மைதான். சாதி ஏற்கெனவே கட்டிவைத்த உறவு வலைகளை அது எண்ணிக்கையாக மாற்றிக் காட்டுகிறது. அமேசான் நடத்திவந்த 'பென் டு பப்ளிஷ்' போட்டியிலும் வாசகர் வரவேற்பே முதற்படியாக இருந்தது, நடுவர்கள் அதற்குப் பின்னர்தான் வந்தனர். நல்ல நாவல் நடுவர் மேசையை அடையுமுன்பே நின்றுவிடக்கூடிய நிலை இருந்தது.

முத்துக்குளிப்பின் கணக்கை இங்கே ஒப்பிடலாம். ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடியில் அன்றன்று எடுத்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்தனர். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவருக்கு. உயிரைப் பணயம் வைத்தவருக்கு மூன்றில் ஒன்று என்பது கொடுமையான பங்கீடு. 35 விழுக்காடு அதற்கு வெகு அருகில் நிற்கிறது. ஆனாலும் தன் ஒரு குவியலைக் குளியாளி கரையில் யாரிடம் வேண்டுமானாலும் விற்றார். கூடுதல் பங்கு வேண்டுமெனில் வேறு எவருக்கும் காட்டாதே என்ற நிபந்தனை புதியது. (தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது, குவியல் கணக்கு வேறு கரைக்கு இடம்பெயர்ந்துவிட்டது போலும்.)

அச்சுப் பதிப்பே போதும் என்பது நம் வாதமன்று. பூமணியின் 'அஞ்ஞாடி', சோ. தர்மனின் 'சூல்', ஜோ டி குருஸின் 'கொற்கை' என இம்மாவட்டத்தையும் அதையொட்டிய கரையையும் சேர்ந்த மூவர் 2013க்கும் 2019க்கும் இடையில் சாகித்திய அகாதெமி விருது பெற்றனர். மூன்றும் பதிப்பகங்கள் வழியே வந்த அச்சு நூல்கள். அந்த வாயில் இப்போதும் குறுகலானது. அதற்கு வெளியே நிற்பவர்களுக்கு மின்னூல் தேவை.

நம் முன்னோர் இதில் அனுபவமுள்ளவர்கள். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் நான்கு பக்கங்களில், இரண்டணா விலையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் தம் வார இதழின் விலையையே அதன் பெயராக்கி 'ஒரு பைசாத் தமிழன்' என்றார். அதைவிடச் சிறந்த விளம்பரத்தை இன்றைய சந்தைப்படுத்தல் வல்லுநர்களும் கண்டுபிடிக்கவில்லை. விலையையும் விற்கும் இடத்தையும் அவர்களே தீர்மானித்தார்கள் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

ஆகவே 35 விழுக்காட்டை ஏற்று நூலைப் பல இடங்களிலும் வைப்பது, வருமானம் சிறிதெனினும், இயக்கம் சார்ந்த எழுத்தாளருக்குப் பொருந்தும் என்று கருதுகிறோம். விற்பனையை எதிர்பாராதவர்கள் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' போன்ற தன்னார்வத் தளத்தில் படைப்பாக்கப் பொது உரிமத்தில் வெளியிடலாம். கல்லூரி விடுதியில் ஒரு கோப்பு நாற்பது கைப்பேசிகளுக்குப் போவதை அங்கே எவரும் தடுக்கமாட்டார்கள். மாணவர் வட்டங்கள் இலவச நாளில் தரவிறக்குவதோடு நில்லாமல், படித்து, உடன்பட்டோ மறுத்தோ நான்கு வரி எழுதினால், உறவினர் பட்டாளம் இல்லாத எழுத்தாளருக்கு அதுவே பட்டாளம்.

ஏற்கெனவே 'செலக்ட்' திட்டத்தில் நூலைச் சேர்த்துவிட்டவர்கள் தம் கணக்கைத் திறந்து, தானியங்கிப் புதுப்பிப்பு என்னும் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் உள்ள குறியை நீக்காவிட்டால், 91ஆம் நாள் அடுத்த 90 நாட்கள் தாமாகவே தொடங்கிவிடும்.