நடன வகுப்பும் நாங்கள் கேட்காத கேள்விகளும்

எங்கள் ஊரில் ஒரு முஸ்லிம் பிள்ளை நடன வகுப்புக்குப் போகிறாள் என்று தெரிந்தால் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: அது ஆகுமா, ஆகாதா? அந்தக் கேள்வி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல உயர்தர வகுப்பு மாணவியான எனக்குத் தகுதியும் இல்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமை தோறும் என் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு முடியும்வரை மற்றப் பிள்ளைகளின் உம்மாமாரோடும் அம்மாமாரோடும் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்துப் பார்த்தால், அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடும் பெற்றோர் வேறு பல கேள்விகளைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. அதன் பாரம் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது.

வகுப்பு நடப்பது துறைமுகப் பக்கம் போகும் வீதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில். கிழமை நாட்களில் பின்னேரம் பரதம். சனிக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டோடு சேர்ந்த உடற்பயிற்சியும் குழு நடனமும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். படிக்கட்டில் மூன்று மொழிப் பேச்சும் கேட்கும். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு வாப்பா மட்டும் மேலே வருவதே இல்லை. மகளை வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்து நிழலில் மோட்டார் சைக்கிளோடு நிற்பார். ஏனென்று நான் கேட்டதில்லை.

“ஏன் பிள்ளையைச் சேர்த்தீங்க?” என்று உம்மாமாரிடம் கேட்டிருக்கிறேன். பெரிய நடனக்காரி ஆக்குவதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. “இவ வகுப்பில வாயே திறக்கிறதில்ல, கொஞ்சம் கூச்சம் தெளியட்டும் எண்டுதான்” என்றார் ஒருவர். உடல் எடை கூடிவிட்டது, பிள்ளையை ஓட ஆட விடுங்கள் என்று டொக்டர் சொன்னதாக இன்னொருவர். பாடசாலை விட்டு வந்தால் போனும் கையுமாகக் கிடக்கிறாள், அதிலிருந்து ஒரு மணித்தியாலமாவது எழும்பட்டும் என்று மற்றொருவர். எல்லாமே நியாயமான காரணங்கள். என் தங்கச்சிக்கும் அப்படித்தான். ஏழு வயதில் ஆட்களைக் கண்டால் உம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளிந்தவள், இப்போது காலைக் கூட்டத்தில் முன்னால் நின்று துஆ ஓதுகிறாள்.

ஆனால் சேர்க்கும்போது இருக்கும் இந்தத் தெளிவு அதற்குப் பிறகு இருப்பதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். பரத வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் நிலத்தைத் தொட்டு வணங்கும் ஒரு முறை உண்டு. உருப்படிகள் பலவும் இந்துக் கடவுளரைப் பற்றியவை. இது அந்தக் கலையின் உள்ளேயே இருப்பது; ஒருவரும் ஒளித்து வைக்கவில்லை. எங்கள் பகுதியில் ஓர் உம்மா முதல் நாளே இதைப் பற்றி டீச்சரிடம் கேட்டார். “அந்த நேரம் உங்கட மகள் நேரா நிண்டாப் போதும், எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல” என்று டீச்சர் சொன்னார். இரண்டு நிமிடப் பேச்சில் விஷயம் முடிந்தது. இன்னொரு வீட்டில் ஒன்றையும் விசாரிக்காமலே சேர்த்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து, பிள்ளை கற்றதை வாப்பும்மாவுக்கு ஆடிக் காட்டியபோது வீடே கலவரமாகிவிட்டது. ஏச்சு வாங்கியது யார்? எட்டு வயதுப் பிள்ளை. சொல்லிக் கொடுத்ததைத் திருத்தமாகச் செய்து காட்டியதுதான் அவள் செய்த குற்றம்.

ஆண்டு விழா நெருங்கும்போது இதே கதை உடுப்பு வடிவத்தில் வரும். கை நீளம், கழுத்து அளவு, உள்ளே நீளக் காற்சட்டை போடலாமா என்பதெல்லாம் துணி வெட்டுவதற்கு முன்னால் பேச வேண்டியவை. முன்கூட்டியே கேட்ட பெற்றோருக்கு டீச்சர் நீளக் கையே தைப்பித்துக் கொடுத்தார். விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் சத்தம் போட்டவர்களின் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் அழுதுகொண்டு நின்றார்கள். செலவும் அப்படித்தான். உடுப்பு, முக ஒப்பனை, மண்டபம், புகைப்படம் என்று அந்த ஒரு மாலைக்கு நான்கைந்து மாதக் கட்டணத்துக்கு மேல் போய்விடுகிறது. விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் நானாமாரின் காசும் அதில் கலந்திருக்கிறது. ரியூஷன் வகுப்பென்றால் யார் படிப்பிக்கிறார், போன வருடம் எத்தனை பேர் பாஸ் என்று துருவித் துருவி விசாரிக்கும் பெற்றோர், இங்கே மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள்? பிள்ளையை இங்கே அனுப்புவதே அரை மனதோடு என்பதால் என்று நினைக்கிறேன். அரை மனதோடு செய்யும் காரியத்தில் கேள்வி கேட்க வாய் வராது.

எனக்கு மிகவும் கோபம் வருவது கைபேசி விஷயத்தில். விழா தொடங்கியதும் பிள்ளைகளின் முகம் தெரியாதபடி கைபேசிகள் உயர்ந்து நிற்கும். அன்றிரவே முகநூலில் படம் வந்துவிடும். போடுவது டீச்சர் மட்டுமல்ல. சாச்சிமாரும் மாமிமாரும்தான் கூட. ஒரு பத்து வயதுப் பிள்ளையின் வீடியோ இப்படிக் கை மாறிக் கை மாறி, முன்பின் தெரியாத ஆண்கள் அதன் கீழே மார்க்க உபதேசமும் கேலியும் எழுதும் நிலைக்கு வந்தது. அவள் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. பிறகும் வரவே இல்லை. எழுதியவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆடுவது ஆகுமா என்று அத்தனை பேர் பேசினார்கள். பத்து வயதுப் பிள்ளையின் படத்தை அவளைக் கேட்காமல் ஊருக்குக் காட்டுவது ஆகுமா என்று ஒருவரும் பேசவில்லை. இதை உலமாக்களிடம் கேட்டாலென்ன?

அடுத்தது, நிறுத்தும் விதம். முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில் வகுப்பை விட்டு நின்றுவிடுகிறார்கள். நிறுத்துவது பெற்றோரின் உரிமை. அதற்கு அவர்களுக்குக் காரணமும் இருக்கும். ஆனால் அந்தக் காரணத்தை யாரும் பிள்ளையிடம் சொல்வதில்லை. ஒரு சனிக்கிழமை ஓட்டோ வராது. “இனி வேணாம் மகள்” என்பதோடு சரி. தங்கச்சியின் கூட்டாளி ஒருத்தி, தான் பிழையாக ஆடியதால்தான் உம்மா நிறுத்திவிட்டார் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். சேர்க்கும்போதே “மகள், இன்ன வயசு வரைக்கும் போகலாம், அதுக்குப் பிறகு வேற ஒண்டு பார்ப்போம்” என்று சொல்லிவிட்டால் பிள்ளை தாங்கிக்கொள்வாள். அவள் நாங்கள் நினைப்பதைவிட விளங்கக்கூடியவள்.

இது எங்கள் சமூகத்தில் மட்டும் நடப்பது என்று எண்ணிவிடக் கூடாது. படிக்கட்டில் என் பக்கத்தில் இருக்கும் ஒரு தமிழ் அம்மாவின் மகள், வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தவள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வந்தது, ஒரு வருடம் நின்றது. இப்போது சாதாரண தரம் வரப்போகிறது என்று தகப்பன் சலங்கையை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டாராம். “உங்கட ஆக்கள் வயசைச் சொல்லி நிப்பாட்டுறீங்க, நாங்க சோதனையைச் சொல்லி நிப்பாட்டுறம்” என்று சொல்லி அந்த அம்மா சிரித்தார்.

பழைய காலத்தைப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். இன்று கௌரவமான கலை என்று போற்றப்படும் பரதம், சதிர் என்ற பெயரில் தேவதாசிகள் மட்டும் ஆடியதாக இருந்த காலத்தில், “நல்ல குடும்பத்துப்” பெண்கள் அதன் பக்கமே போகக் கூடாது என்றிருந்தது. ருக்மிணி தேவி 1935இல் சென்னை அடையாற்றில் மேடையேறியபோது அவருடைய சொந்தச் சமூகமே முகம் சுளித்தது. அடுத்த வருடம் அவர் தொடங்கிய நிறுவனம்தான் கலாஷேத்திரா. கேரளாவில் மன்சியா என்ற பரதக் கலைஞரின் கதை வேறு விதமானது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவர், நடனம் பயின்றதற்காகத் தன் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தின் எதிர்ப்பைச் சந்தித்தார். 2022இல் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயில் விழாவில் ஆட இடம் கொடுத்துவிட்டு, இந்து அல்ல என்பதால் அங்கேயும் மறுத்தார்கள். இரண்டு கதவுகளும் ஒரே பெண்ணுக்குத்தான் மூடின. அவர் தெரிவு செய்த வாழ்க்கை எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நான் வாதாடவில்லை. நடனம் என்று வந்தால் பெண்ணைச் சுற்றிக் காவல் நிற்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்திருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாங்கள் காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூஷன், இரவில் வீட்டு வேலை என்று உட்கார்ந்த இடத்திலேயே வளர்கிறோம். இல்ல விளையாட்டுப் போட்டி வருடத்துக்கு ஒரு முறை. அதிலும் மேல் வகுப்பு மாணவியர் பலர் கூடாரம் சோடிப்பதோடு நின்றுவிடுகிறோம். அழகியற் பாடம் என்று ஆறாம் ஆண்டில் தெரிவு செய்யச் சொல்வார்கள். முஸ்லிம் பாடசாலைகளில் அது பெரும்பாலும் சித்திரம்தான். சித்திரத்தை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அதில் ஏ. ஆனால் அதையும் உட்கார்ந்துதானே செய்கிறோம்!

எங்கள் மார்க்க வரலாற்றில் பெண்கள் அசையாமல் இருந்ததாக நான் படிக்கவில்லை. பெருநாள் தினத்தில் அபிஸீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரழி) அவர்கள் சலிக்கும்வரை பார்க்க நபி (ஸல்) அவர்கள் இடம் கொடுத்ததை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அவர்கள் இருவரும் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்கிறது. எங்கள் கிழக்குக் கரையிலோ ஆண்களுக்குக் களிகம்பும் பொல்லடியும் இருந்தன. கல்யாண வீட்டிலும் மீலாத் விழாவிலும் கம்பு தட்டி வட்டமாக ஆடினார்கள். பெண்களுக்குக் குரவை இருந்தது. என் உம்மும்மா இன்றைக்கும் குரவையிட்டால் பக்கத்து வளவுக்குக் கேட்கும். கேரளாவில் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களின் ஒப்பனா, மணப்பெண்ணை நடுவில் இருத்திக் கைதட்டிச் சுற்றி வரும் ஆட்டம், பாடசாலைக் கலைவிழாப் போட்டிகளில் ஒன்றாகவே இருக்கிறது. உடலை முழுக்க மூடிய உடுப்போடுதான் அந்தப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஆக, நடன வகுப்பா, வீட்டு மூலையா என்ற இரண்டே வழிகள்தான் உண்டு என்று யார் சொன்னது?

எனவே எங்கள் அதிபர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோரிடம் ஒன்றைக் கேட்கிறேன். கிழமைக்கு ஒரு நாள், பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம், எங்கள் பிரதான மண்டபத்தைத் திறந்து தாருங்கள். பெண்கள் மட்டும். ஆறாம் ஆண்டுக்கு மேற்பட்டவர்கள், வகுப்பை விட்டு நின்றவர்கள், ஒரு வகுப்புக்கும் போகாதவர்கள் எல்லோரும் வரலாம். உடற்பயிற்சி செய்யலாம், கோலாட்டம் பழகலாம், மழை இல்லாத நாளில் வெளியே வலைப்பந்து விளையாடலாம். பெண்கள் மட்டுமே கூடும் இடத்தில் உடற்பயிற்சி செய்வது பற்றி நான் கேட்டறிந்த மௌலவிமார் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. உடுப்புக்கோ மேடைக்கோ செலவு இல்லை, விழாவே வேண்டாம். கைபேசி உள்ளே வரக் கூடாது. வாசலில் ஓர் உம்மா கதிரை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் போன்களை வாங்கி ஒரு கூடையில் வைத்துக்கொண்டால் போதும். அந்த வேலைக்கு என் உம்மா ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். கூடையும் எங்கள் வீட்டில் இருக்கிறது.