பட்டனைத் தட்டினால் பறந்துவிடுமா?



"இப்பல்லாம் கம்ப்யூட்டரே விமானத்தை ஓட்டிடுது. பைலட் சும்மா உக்காந்திருக்கிறதுக்கு எதுக்கு லட்சக்கணக்குல சம்பளம்?" இப்படி ஒரு செய்தி நம் குடும்பக் குழுவில் சுற்றுகிறது. நன்றாகப் படித்தவர்களும் கைதட்டியிருக்கிறீர்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

விமானம் காரைப் போலத் திரும்புவதில்லை. வளைவில் சைக்கிளைச் சாய்க்கிறோமே, அதைப் போலத் திரும்புகிறது. விமானி கைச்சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால், வலது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல் மேலே எழும், இடது மடல் கீழே இறங்கும். வலது இறக்கை தாழும். மேலே தூக்கும் விசையும் சாய்ந்து விமானத்தை வலப்பக்கம் இழுக்கும். சாய்ந்ததால் தூக்கும் பலம் குறையும். உயரம் இழக்காமல் இருக்க, சக்கரத்தைச் சற்றுத் தன் பக்கம் இழுக்க வேண்டும். மூக்கு விலகாமல் இருக்க, கால்மிதியால் வாலிலுள்ள சுக்கானை இயக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில்.

ஆட்டோ பைலட் இதைச் செய்யாதா? செய்யும், சொன்னதை மட்டும். 14.2.1990 அன்று பெங்களூரில் இறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானத்தில், இடப்பட்ட கட்டளைப்படியே எஞ்சின்களைக் குறைந்த விசையில் வைத்திருந்தது கம்ப்யூட்டர். வேகம் குறைவதை விமானிகள் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள்.

2024 அக்டோபர் 11, திருச்சி. ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. போயிங் 737இல் எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்து, எரித்து, எடையைக் குறைத்து, திருச்சியிலேயே பத்திரமாக இறக்கினார்கள். உள்ளே 140 பேருக்கு மேல். எங்கே சுற்றுவது, எப்போது இறங்குவது என்பதை எந்தப் பட்டன் முடிவு செய்யும்?

என் கோபம் விமானிக்காக மட்டும் அல்ல. கும்மிடிப்பூண்டியில் சிஎன்சி மெஷின் ஓட்டும் பிள்ளையையும், நம் செவ்வாப்பேட்டை வழியாக மின்சார ரயில் ஓட்டுகிறவரையும் இதே வாய்தான் "பட்டன் தட்டுறவன்" என்கிறது. மெஷின் ஒழுங்காக ஓடும்வரை கைத்திறன் கண்ணுக்குத் தெரியாது. கூலியைக் குறைக்க நினைக்கிறவனுக்கு அதுவே வசதி. அவனுக்கு நாம் ஏன் ஒத்து ஊத வேண்டும்?

அடுத்த முறை அந்தச் செய்தியை அனுப்புகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: விமானம் இடப்பக்கம் திரும்ப எந்த இறக்கை தாழ வேண்டும்? பதில் சொல்லிவிட்டுச் சம்பளத்தைப் பற்றிப் பேசட்டும்.